அப்பாவின் குதிகால்

மாத்திரையை நிறுத்திப் பார் என்று தம்பியிடம் சொன்னது அக்காதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

நாற்பது வயது ஆகும் முன்பே அவனுக்கு நெஞ்சடைப்பு வந்தது. மருத்துவமனையில் அடைப்பை நீக்கி, ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவனும் ஒழுங்காகத்தான் போட்டான். சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

"குதிகாலுக்கு மேல யாரோ கயித்தைக் கட்டி முறுக்குற மாதிரி இருக்குக்கா. குந்தவே முடியல."

அவன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். குந்த முடியாவிட்டால் பிழைப்பு இல்லை.

"எங்கயாவது இடிச்சுக்கிட்டியா?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் அந்தக் கொழுப்பு மாத்திரை வேலை. கூட வேலை செய்றவன் போன்ல காட்டினான். அது நரம்பைத் தின்னுடுமாம்."

அக்கா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன். கால் சரியானதும் மறுபடி போட்டுக்கலாம்" என்றாள். கடையில் வாடிக்கையாளரிடம் ஷூ கடிக்கிறதா, நாலு நாள் கழற்றி வைத்துப் பாருங்கள் என்று சொல்வாள் அல்லவா, அதே குரல்தான். அவ்வளவு லேசாகச் சொன்னாள். அவனும் அதற்குத்தான் வந்தவன் போல, அன்றைக்கே நிறுத்திவிட்டான். பிறகு போடவே இல்லை.

அவள் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தை விட்டதும் சேர்ந்த கடை, இன்றுவரை அதே கடை. மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்குக் கூச்சம். ஆனால் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அறிமுகமே இல்லாத ஒருவரின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தும்போது அந்தக் கூச்சம் எங்கோ போய்விடும். ஷூ கடிக்கிறது என்று திரும்பி வருகிற யாரையும் முதலாளி அவளிடம்தான் அனுப்புவார். உள்ளே மரக்கட்டையைச் சொருகி இரவெல்லாம் வைப்பாள். பின்புறத் தோலை ஈரத்துணியால் ஒற்றி, உருண்டைத் தலை வைத்த இரும்புக் கம்பியால் உள்ளிருந்து அழுத்தி அழுத்தி இளக்குவாள். "நம்ம கடை டாக்டர்" என்பார் முதலாளி. சம்பளம் மட்டும் கம்பவுண்டர் சம்பளம் என்பாள் அவள், மெதுவாக, அவர் அந்தப் பக்கம் போன பிறகு.

வீட்டிலும் அதே வேலை இருந்தது. அவர்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஷூ பின்னால் கடிக்கும். குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலிலிருந்து இறங்கி வரும் இடம் மற்றவர்களுக்கு ஒட்டி மெலிந்திருக்கும். இவர்களுக்கு அங்கே விரல் தடிமனுக்கு ஒரு கயிறு ஓடும். அப்பாவுக்கு இன்னும் தடிப்பு. சின்ன வயதில் அவர் குப்புறப் படுத்துத் தூங்கும்போது அக்காவும் தம்பியும் அந்த இடத்தைக் கிள்ளிப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டில் அதற்கு அப்பா கால் என்றே பெயர். தம்பி பிறந்தபோது அம்மா கவலைப்பட்டது அவன் நிறத்தைப் பற்றித்தான். பின்னாளில் அவன் குதிகாலைப் பார்த்துவிட்டு, "மூக்கை என்கிட்ட வாங்கினவன், காலை மட்டும் அந்த மனுஷன்கிட்ட வாங்கியிருக்கான் பாரு" என்பாள்.

அக்காவுக்கு அது செருப்பு சம்பந்தப்பட்ட விஷயம். கடினமான தோல் உரசி உரசித் தடித்த இடம். தம்பி வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் பூட்ஸின் பின்பக்கத்தை அவள்தான் வெட்டித் தளர்த்திக் கொடுத்தாள். தன் செருப்புகளையும் அப்படியே செய்துகொண்டாள். குதிகாலைப் பற்றி ஒருவர் அவளுக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு மத்தியான வேளையில் தம்பி மனைவி கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் போல நீளப் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால், அக்கா ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நேத்து மாடிப்படி ஏறும்போது பாதியில நின்னுட்டாரு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு. கேட்டா வாயுங்கிறாரு."

அக்கா அவள் காலில் செருப்பை மாட்டினாள்.

"மாத்திரை?"

"எங்க போடறாரு? கேட்டா உங்களைத்தான் சொல்றாரு. 'அக்காவே நிறுத்தச் சொல்லிடுச்சு, நீ யாரு?'ங்கிறாரு." அவள் குரல் உடைந்தது. "நான் உங்களைக் குறை சொல்ல வரல அண்ணி. நீங்க சொன்னாதானே கேப்பாரு. நிறுத்துன்னு சொன்ன வாயால போடுன்னும் சொல்லிடுங்க."

"சைஸ் சரியா இருக்கா பாருங்கம்மா" என்று கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றாள் தம்பி மனைவி, கண்ணைத் துடைத்தபடி.

அன்று சாயங்காலம் முழுக்க அக்கா யோசித்தாள். நேரே போய் மாத்திரை போடு என்றால், கால் வலியை நீ படுவாயா என்று கேட்பான். டாக்டரிடம் வா என்றால் வரமாட்டான். எதிரே நின்று வாதாட அவளுக்கு வராது. ஒரு பொய்தான் வந்தது. அவனுக்குப் போன் செய்து, தன் குதிகால் வலி தாங்க முடியவில்லை, ஒரு டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்றாள்.

"உனக்குமா?" என்றான் அவன். உடனே வந்துவிட்டான்.

டாக்டரம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். அக்காவைக் கட்டிலில் முட்டி போட்டு, பாதங்கள் வெளியே தொங்கும்படி இருக்கச் சொன்னார். ஊரார் காலையெல்லாம் பிடித்தவளுக்குத் தன் காலை ஒருவர் பிடிப்பது தாங்க முடியாத வெட்கமாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டாள். டாக்டரம்மாவின் விரல்கள் குதிகாலுக்கு மேலே அந்தக் கயிற்றை இரு பக்கமும் பற்றி மேலும் கீழும் நகர்ந்தன. பிறகு நின்றன.

"எவ்வளவு நாளா இப்படித் தடிப்பா இருக்கு?"

"எப்பவுமே இப்படித்தாங்க. செருப்பு உரசி வந்தது. எங்க வீட்ல எல்லாருக்கும் உண்டு. அப்பா கால்னு சொல்லுவோம்."

"அப்பா இருக்காரா?"

"இல்லைங்க. நாங்க பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்பவே தவறிட்டாரு. நெஞ்சு வலி. சிகரெட் நிறைய பிடிப்பாரு."

டாக்டரம்மா அவளை இறங்கி உட்காரச் சொன்னார். கைவிரல்களை மடக்கச் சொல்லி முட்டிகளைத் தடவினார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். அப்புறம் சுவரோரம் நின்றவனைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"தம்பிங்க. சும்மா துணைக்கு வந்தேன்."

"உள்ள வரும்போது ஏன் நொண்டினீங்க?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது அவனுக்கு. ஆனாலும் பூட்ஸைக் கழற்றினான். டாக்டரம்மா அவன் குதிகாலையும் அதே போலப் பற்றிப் பார்த்தார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் முட்டி போடச் சொல்லிப் பார்த்தார். நாலு குதிகால்களும் ஒரே அச்சில் வார்த்தது போலத் தொங்கின.

"இது செருப்பு உரசினது இல்லம்மா" என்றார். "இது நரம்பும் இல்ல. தசைநாண். கெண்டைச் சதையை எலும்போட கட்டி வச்சிருக்கிற நாண். அதுக்குள்ள கொழுப்பு போய்ப் படிஞ்சிருக்கு. சில குடும்பங்கள்ல பிறக்கும்போதே ரத்தத்துல கொலஸ்ட்ரால் ரொம்ப அதிகமா இருக்கும். பெத்தவங்ககிட்ட இருந்து வர்றது. இங்க படியிற அதே கொழுப்பு, இதயத்துக்குப் போற குழாய்லயும் படியும். உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு இப்ப யாரும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா எனக்கு சந்தேகம் இருக்கு."

தம்பி கட்டிலிலிருந்து இறங்கவில்லை. அப்படியே திரும்பி உட்கார்ந்தான்.

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்சப்ப குடுத்த கொழுப்பு மாத்திரையால வந்துதுங்க என் கால் வலி. அதான் நிறுத்திட்டேன்."

"உங்க அக்கா மாத்திரை போட்டிருக்காங்களா?"

"இல்ல."

"அவங்களுக்கும் இதே தடிப்புதானே இருக்கு."

"தடிப்பு இருக்கு. வலி எனக்கு மட்டும்தானே."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "நியாயமான கேள்வி" என்றார். "வலி மாத்திரையால வரவே வராதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். சிலர் வலிக்குதுன்னு சொல்றாங்க. ஆராய்ஞ்சு பார்த்தவங்கள்ல பெரும்பாலானவங்க மாத்திரை நாணைக் கெடுக்கலைன்னுதான் சொல்றாங்க. தடிச்ச நாணை வச்சுக்கிட்டு நாள் முழுக்கக் குந்தினாலும் வலிக்கும். எதுன்னாலும் வழி இருக்கு. வேற மாத்திரை இருக்கு, குறைஞ்ச அளவுல தொடங்கலாம். ஸ்டென்ட் வச்ச ஆள், நீங்களா நிறுத்தறது மட்டும் கூடவே கூடாது. யார் நிறுத்தச் சொன்னாங்க?"

"யாரும் இல்ல. நானாத்தான்" என்றான் தம்பி.

"நான்தாங்க சொன்னேன்" என்றாள் அக்கா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்குக் கேட்டது. அவள் தோளைத் தொட்டார். பிறகு, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

ஒரு மகள் இருந்தாள். பதினைந்து வயது. பள்ளி ஓட்டப்பந்தயக் குழுவில் ஓடுகிறவள்.

வெளியே வந்ததும் தம்பி முன்னால் விந்தி விந்தி நடந்தான். தெருமுனையில் நின்று திரும்பினான்.

"கால் வலின்னு பொய் சொல்லித்தானே கூட்டிட்டு வந்தே?"

"ஆமா."

"கேட்டா வந்திருக்க மாட்டேனா?"

"மாட்டே."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டான். "உனக்குக் கொழுப்பு அதிகம்னு அம்மா சின்ன வயசிலேயே சொன்னாங்க. நான்தான் நம்பல" என்றான். அத்தோடு பேருந்தில் ஏறிப் போய்விட்டான்.

அக்காவின் ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகம் என்று வந்தது. அவள் மாத்திரை போடத் தொடங்கினாள். தினமும் காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் குதிகாலை அழுத்திப் பார்ப்பாள். வலிக்கிறதா, வலிக்கத் தொடங்குகிறதா என்று. வலிக்கவில்லை. அதுவும் ஒரு பக்கம் சங்கடமாக இருந்தது. தனக்கு வலித்திருந்தால் தம்பி சொன்னதை முழுதாக நம்பியிருப்பாள்; இப்போது முழுதாக நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

தம்பியை அவன் இதய டாக்டர் திட்டித் தீர்த்து, மாத்திரையை மாற்றிக் குறைந்த அளவில் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு வந்தான். பிரிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேலே கிடப்பதாகத் தம்பி மனைவி போனில் சொன்னாள். "தூசி துடைக்கும்போது நகர்த்தி வைக்கிறேன் அண்ணி. அவ்வளவுதான் அதுக்கு மரியாதை."

மகளிடம் ரத்தப் பரிசோதனை பற்றிச் சொன்னபோது அக்கா பயந்தது ஊசியைப் பற்றித்தான். ஆனால் மகள் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை.

"இருக்குன்னு வந்தா மாத்திரை போடணுமா?"

"டாக்டர் சொன்னா போடணும்."

"போட்டா ஓட முடியாது. மாமா சொன்னாரு, கால் போயிடும்னு."

"அப்படி இல்லடி. டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"அப்ப மாமா ஏன் போடல?" என்றாள் மகள். "ஆபரேஷன் பண்ணின அவரே போடல. எனக்கு ஒண்ணுமே இல்ல. நான் எதுக்கும்மா ரத்தம் குடுக்கணும்?"

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா அந்தக் கதவின் முன் நின்றாள். மகளின் ஓட்டக் காலணியைப் போன மாதம்தான் பின்புறம் இளக்கிக் கொடுத்திருந்தாள், கடிக்கிறது என்று சொன்னாள் என்று. அப்போது அந்தக் குதிகாலைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். தடித்திருந்ததா என்று இப்போது எவ்வளவு நினைத்தும் ஞாபகம் வரவில்லை. இளவயதில் காலில் தெரியாமலும் இருக்கும், ரத்தத்தில்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மறுநாள் கடையில் அரை நாள் விடுப்புக் கேட்டாள். முதலாளி ஆச்சரியமாகப் பார்த்தார். அவள் விடுப்புக் கேட்டு அவர் பார்த்ததே அபூர்வம்.

தம்பி வேலை செய்த இடம் ஒரு பெரிய கூடம். ஜன்னல்களுக்கு இன்னும் கண்ணாடி வரவில்லை. பாதித் தரை டைல்ஸ், பாதி சிமெண்ட். அவன் குந்தி இருக்கவில்லை. ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வரிசைக்கும் டப்பாவோடு நகர்ந்து, ரப்பர் சுத்தியலால் டைல்ஸைத் தட்டி, எங்காவது உள்ளே காலியாக ஒலிக்கிறதா என்று காது கொடுத்தான்.

"யாரு செத்தா, கடையை விட்டுட்டு வந்திருக்கே?" என்றான்.

"இன்னும் யாரும் சாகல" என்றாள் அவள். சிமெண்ட் பக்கமாகச் சுற்றி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். "ஏன்டா போட மாட்டேங்கிறே? அதைச் சொல்லு. திட்ட வரல."

அவன் இன்னும் இரண்டு டைல்ஸைத் தட்டினான்.

"பயம்தான்" என்றான். "இதயம் நின்னுடுச்சுன்னா ஒரே அடியா போயிடுவேன். காலு போச்சுன்னா? உக்காந்து சாப்பிடணும். பொண்டாட்டி வேலைக்குப் போறதை நான் வாசல்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். எனக்கு இந்த வேலையை விட்டா வேற என்ன தெரியும்?"

"ஒரே அடியா போறது உனக்கு சரி. நாங்க? அப்பா போனப்ப எப்படி இருந்துதுன்னு மறந்துட்டியா?"

அவன் சுத்தியலை ஓங்கினான், தட்டவில்லை.

"அம்மா சாகற வரைக்கும் அந்த சிகரெட்டைத்தான் திட்டினாங்க. நான் செருப்பை. இத்தனை வருஷமா அந்த நாணைத் தடவிக்கிட்டே செருப்பை வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசி வழக்கமில்லை. "நிறுத்துன்னு உனக்குச் சொன்னதும் அதே அரைகுறை அறிவுதான். நான் தப்பா சொன்னேன். நீ என் பேச்சைக் கேக்காதே. ஆனா உன் மருமக உன்னைப் பார்த்துக்கிட்டு இருக்கா. மாமாவே போடல, எனக்கு எதுக்குங்கிறா. ரத்தமே குடுக்க மாட்டேங்கிறா."

சுத்தியல் அவன் கையில் தொங்கியது.

"நான் அவகிட்ட விளையாட்டாத்தான் சொன்னேன், கால் போயிடும்னு."

"அவ விளையாட்டா கேக்கல."

எழுந்து சேலையிலிருந்த சிமெண்ட் தூசியைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள். பின்னால் வெகுநேரம் சுத்தியல் சத்தம் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. தம்பி நின்றிருந்தான். கையில் மாத்திரை அட்டை, பிரிக்காதது. "தண்ணி குடு" என்று மகளிடம்தான் கேட்டான், அக்காவிடம் இல்லை.

மகள் சந்தேகமாகத் தண்ணீர் கொண்டு வந்தாள். அவன் அட்டையிலிருந்து ஒன்றை அமுக்கி எடுத்து, வாயில் போட்டு விழுங்கினான்.

"வாயைத் திறங்க மாமா."

"நம்பிக்கை இல்லையா?"

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கிக் காட்டினான். "போலீஸ்காரியாப் போயிடு நீ" என்றான். "கிளம்பு. ரத்தம் குடுக்கப் போறோம்."

"நான் இன்னும் சரின்னு சொல்லல."

"நானும்தான் சொல்லல. போட்டுட்டேன்ல?"

பரிசோதனைக் கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மகள் முன்னால் போனாள். தம்பிக்கு வேகமாக நடக்க வரவில்லை. அக்கா அவனோடு மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு முறை அவன் இடது காலை ஊன்றும்போதும் முகம் சுருங்கியது. அந்த மாத்திரை இப்போது அவன் வயிற்றில் கரைந்துகொண்டிருக்கும். காலை என்ன செய்யுமோ, இதயத்தை என்ன செய்யுமோ, யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. போட்டுக்கொண்டே இருந்துதான் பார்க்க வேண்டும்.

மகள் உள்ளே போனாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முழங்கைக்குள் பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

"எப்ப தெரியும்?"

"சாயங்காலம்னாங்க" என்றாள் அக்கா.

"இருக்குன்னு வந்தா?"

தம்பிதான் நகர்ந்து இடம் விட்டு மருமகளை நடுவில் உட்காரச் சொன்னான்.

"வந்தா அந்த டாக்டரம்மாகிட்ட போவோம். அவங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய்வோம். மாத்திரைன்னா நீயும் நானும் ஒரே நேரத்துல போடுவோம். நான் மறந்தா நீ போன் பண்ணித் திட்டு."

"கால் வலிச்சா?"

"வலிச்சா அதையும் அவங்ககிட்டயே சொல்லுவோம்" என்றான். மருமகளின் தலைக்கு மேலாக அக்காவைப் பார்த்தான். "நானா நிறுத்த மாட்டேன்."

வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.